அடுக்களைப் புகையும் ஆகாயப் புகையும்



திருச்சானூரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் பத்து நாட்களாக என் மேசைமீது கிடக்கிறது. அவருடைய மாமியார் ஆரணிப் பக்கத்தில் பிறந்து, மணமாகி இவ்வூருக்கு வந்தவர். யாத்திரிகர்கள் நடமாடும் தெருவில் இருபத்தெட்டு ஆண்டுகள் விறகடுப்பில் இட்டலி அவித்து விற்று, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். அந்த அம்மையாருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். நோயைக் காட்டிலும் உறவினர் பேச்சே குடும்பத்தை அதிகம் வாட்டுகிறதாம். "பீடி, சுருட்டு இல்லாமல் இந்த நோய் வருமா? மறைவாக என்ன பழக்கமோ!" என்கிறார்களாம். "எங்கள் அத்தை புகையிலையைக் கையாலும் தொட்டதில்லை. ஐயா, இதற்கு நீங்கள் ஒரு விடை எழுத வேண்டும்" என்பது அச்சகோதரியின் வேண்டுகோள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை தொடாதவர்க்கும் இந்நோய் வரும். நுரையீரல் புற்றுநோய்க்கு முதற்பெருங் காரணம் இன்றும் புகையிலையே என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒன்றே காரணம் என்பது பிழை.

புகைக்கும் புற்றுக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் முதன்முதலில் அறிந்தது சிகரெட்டினால் அன்று. 1775ஆம் ஆண்டில் பெர்சிவல் பாட் என்னும் இலண்டன் அறுவை மருத்துவர், வீட்டுப் புகைபோக்கிகளுக்குள் இறங்கித் துப்புரவு செய்யும் ஏழைச் சிறுவர்கள் வளர்ந்தபின் ஒருவகைப் புற்றுக்கு ஆளாவதைக் கண்டு, அதற்கு அடுப்புக்கரியே காரணம் என்று எழுதினார். அக்கரி விறகும் நிலக்கரியும் எரிந்ததால் வந்தது. பின்னர் 1950ஆம் ஆண்டளவில் சிகரெட்டின் தீமை ஆராய்ச்சிகளால் நிலைநாட்டப்பட்டதும், எல்லார் கண்ணும் அதன் பக்கமே திரும்பின. நாம் சுவாசிக்கும் பொதுக் காற்றைப் பற்றிய தீர்ப்பு வர வெகுகாலம் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்து, பிரான்சு நாட்டு லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012இல் டீசல் புகையையும், 2013 அக்டோபரில் மாசடைந்த வெளிக்காற்றையும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. புகையிலைக்கு எந்த வகுப்போ, அதே முதல் வகுப்பு. 2010ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 2 இலட்சத்து 23 ஆயிரம் பேர் காற்று மாசினால் வந்த நுரையீரல் புற்றுக்குப் பலியானதாக அப்போது கணக்கிடப்பட்டது.

கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கு தடுத்துவிடும். தும்மலும் இருமலும் அதற்காகவே அமைந்தவை. தலைமயிரின் குறுக்களவில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்கள்தாம் காவலைக் கடந்து நுரையீரலின் அடிவரை செல்கின்றன. சென்று என்ன செய்கின்றன? 2023இல் இலண்டன் பிரான்சிஸ் கிரிக் நிலையத்தில் சார்லஸ் சுவாண்டன் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வியப்பான விடை தந்தது. வயது ஏற ஏற, நல்ல நுரையீரலிலும் பழுதுபட்ட அணுக்கள் சில தாமே தோன்றுகின்றன. அவை பெரும்பாலும் வாளா கிடக்கும். நுண்துகள் புகுந்தால் நுரையீரல் அழற்சி கொள்கிறது. அவ்வழற்சி அந்த அணுக்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. காய்ந்த நிலத்தில் கிடந்த விதை மழை கண்டு முளைப்பது போல என்று சொல்லலாம். புகை பிடிக்காதவர்க்கு வரும் புற்று எப்படி என்று நெடுநாள் திகைத்த மருத்துவர்களுக்கு இதனால் ஒரு வழி தெரிந்தது.

இனி அடுக்களைக்கு வருவோம். வீட்டினுள் எரியும் நிலக்கரிப் புகை புற்றுநோய் தருவது உறுதி என்றும், விறகுப் புகை தரக்கூடியது என்றும் மேற்சொன்ன நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. அதை மறைக்க மாட்டேன். அந்த அம்மையாரின் நோய் அந்த அடுப்பினால்தான் வந்தது என்று எந்த மருத்துவரும் சத்தியம் செய்ய இயலாது. ஆனால் இருபத்தெட்டு ஆண்டுப் புகை கண்முன் நிற்க, இல்லாத பழக்கத்தை ஒரு பெண்மீது ஏற்றிப் பேசுவது அநியாயம். இவ்வளவும் அந்த உறவினர்கள் படிப்பதற்காகவே எழுதினேன்.

மலையும் தோப்பும் சூழ்ந்த நம் பகுதிக் காற்றுக்கு என்ன குறை என்று கேட்பவர் உண்டு. 2019இல் மத்திய அரசு தொடங்கிய தூய காற்றுத் திட்டத்தில், அளவு மீறிய நகரங்களின் பட்டியலில் சித்தூரும் இடம்பெற்றது. நம் நாட்டுச் சட்டம் ஓராண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் நுண்துகளை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறிய வரம்போ 5. திருமலைப் பாதையில் 2022 முதல் மின்சாரப் பேருந்துகள் ஓடுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் போகி விடியலில் தமிழர் வீதி, தெலுங்கர் வீதி என்ற பேதமின்றி டயரைக் கொளுத்துகிறோமே! 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமற்போயின. பழைய பாயும் துடைப்பமும் எரித்த காலத்து வழக்கத்தில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் எங்கிருந்து புகுந்தனவோ!

கடிதத்தில் மற்றொரு செய்தி என் மனத்தை உறுத்துகிறது. அம்மையார் ஐந்து மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டாராம். இது நம் நாட்டில் அடிக்கடி நேர்வது. இருமல், இளைப்பு, சளியில் இரத்தம், படத்தில் நிழல் ஆகிய யாவும் இரு நோய்க்கும் பொது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். கிருமி காணப்படாமல் மருந்து தொடங்கப்பட்டு, சில வாரங்களிலும் குணம் தெரியாவிட்டால், சி.டி. படமும் திசுப் பரிசோதனையும் வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். திசுவில் குறிப்பிட்ட மரபணுப் பழுது உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புகை பிடிக்காத பெண்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது; அது இருப்பின், வாயால் உட்கொள்ளும் மாத்திரைகளே பல மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகளும், நோயை அடக்கி வைக்கின்றன. முன்பெல்லாம் புற்று என்றால் நம்மவர் 1954இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நிறுவிய அடையாற்று மருத்துவமனைக்கே ரயிலேறுவர். இன்று திருப்பதியிலேயே ஸ்விம்ஸ் உண்டு. டாட்டா அறக்கட்டளையினர் அமைத்து 2022இல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் உண்டு.

கடிதத்தின் அடியில், இடமில்லாத ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. "இப்போது அந்த அடுப்பின் முன் நான்தான் அமர்கிறேன்."

சகோதரி, வீட்டுக்கு எரிவாயு வந்துவிட்டது. 1999இல் தொடங்கிய தீபம் திட்டத்தால் இம்மாநிலத்தில் பல வீடுகளில் விறகு ஒழிந்தது. கடைக்கோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். விலை கடிது என்பதை அறிவேன். உங்கள் கணவரை உட்காரவைத்து, மாதத்து விறகுச் செலவையும் அத்தையின் வைத்தியச் செலவையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். அதுவரை அடுப்பைச் சுவரோரத்திலிருந்து வாசற்பக்கம் நகர்த்துங்கள். கூரைக்கு மேல் உயரும் புகைக்குழாய் ஒன்று வையுங்கள். ஈர விறகு வேண்டாம். கைக்குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடுப்பு எரியும் நேரத்தில் குழந்தை அத்தையிடமே இருக்கட்டும், இருவரும் கடைக்கு வெளியே.