ஒரே பட்டியல், இரண்டு வடிகட்டி: உம்மாவின் கிளினிக் நாளை நாங்கள் தவறவிட்ட கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர் வேலை பார்ப்பவர்களும், வீட்டில் ஓர் ஆசிரியர் இருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணைப் பரீட்சை நேரம் எங்கள் வீட்டில் ஒரு பிழை நடந்தது. உம்மாவுக்குச் சீனி வருத்தம். மாதாமாதம் கிளினிக் போகவேண்டும். நாங்கள் இருவரும் விடைத்தாள் கட்டுகளுக்குள் மூழ்கிக் கிடந்ததில் அந்த நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் உம்மாதான் மெதுவாகக் கேட்டார்: "மகன், குளிசை முடிஞ்சிட்டுது. கிளினிக் எப்ப வருது?"

அந்தத் திகதியை நாங்கள் எழுதாமல் விடவில்லை. போனில் எழுதியிருந்தோம். "வீடு" என்று அடையாளமும் போட்டிருந்தோம். ஆனால் இரண்டு கிழமையாக "பாடசாலை" என்ற அடையாளத்தை மட்டும் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வசதிக்காக நாங்களே வைத்த வடிகட்டி உம்மாவை மறைத்துவிட்டது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று பட்டது. ஏனென்றால் இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல.

முன்பு பாடசாலை வேலை பாடசாலையில் இருந்தது. காலை 7.30 முதல் 1.30 வரை. மிச்சம் இருந்தால் கொப்பிக் கட்டாக வீட்டுக்கு வரும், கண்ணுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு பாடசாலை போனுக்குள் குடிவந்தது. பாடசாலைகள் திறந்தன, ஆனால் போனுக்குள் வந்தது வெளியே போகவில்லை. அதிபரின் அறிவித்தல், வலயத்திலிருந்து கேட்கும் படிவம், பெற்றோரின் கேள்வி, மச்சாளின் கல்யாண அழைப்பு, காஸ் முடிந்த செய்தி எல்லாம் ஒரே வட்ஸ்அப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.

இதைச் சமாளிக்கத்தான் நாங்கள் ஒரு பட்டியல் தொடங்கினோம். பெரிய செயலி எதுவும் இல்லை. வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வேலைக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் அது எந்தப் பக்கத்து வேலை என்று ஓர் அடையாளம். இப்படி:

தரம் 9 புள்ளிகளைப் பதிதல், வியாழன் @பாடசாலை
கரண்ட் பில் கட்டுதல், வெள்ளிக்கு முன் @வீடு
உம்மாவின் கிளினிக், செவ்வாய் @வீடு

தேடும் இடத்தில் @வீடு என்று அடித்தால் வீட்டு வேலை வரிகளை மட்டும் பார்க்கலாம். இவ்வளவுதான்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. நெதர்லாந்தில் வேலை செய்யும் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003 இல் தன் சொந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஓர்க் மோட் என்ற முறையை உருவாக்கினார். பல கோப்புகளில் கிடக்கும் வேலைகளை அது ஒரே நாட்பட்டியலாகத் திரட்டித் தரும். பிறகு அடையாளத்தைச் சொல்லி வேண்டியதைக் காட்டச் சொல்லலாம், வேண்டாததை மறைக்கச் சொல்லலாம். 2006 இல் ஜீனா டிரபானி இன்னும் எளிமையான டுடு டெக்ஸ்ட் முறையைக் கொண்டுவந்தார். மேலே காட்டிய @ அடையாளம் அந்த வழியில் வந்தது. அன்ட்ராய்ட் போனில் ஓர்க்ஸ்லி, மார்க்கோர் போன்ற இலவசச் செயலிகளில் இவற்றைப் பயன்படுத்தலாம்.

ஏன் வெறும் எழுத்து? பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய வினாத்தாளைப் போனில் திறந்து பார்த்த ஆசிரியர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக்கள் அர்த்தமில்லாமல் சிதறிக் கிடக்கும். யூனிகோட் தமிழில் எழுதிய கோப்புக்கு அந்தக் கதி வராது. எந்தப் போனிலும் திறக்கும். சிக்னல் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம். இரண்டாயிரம் வரி எழுதினாலும் போனில் எடுக்கும் ஒரு படத்தின் இடத்தைப் பிடிக்காது. 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம். சார்ஜ் மிச்சமிருக்கும் எந்தப் போனிலும் திறக்கும் ஒன்றின் அருமை நமக்குத் தெரியும்.

"இதைக் கொப்பியில் எழுதலாமே" என்பார்கள். தாராளமாக எழுதலாம். கொப்பி எதையும் மறைக்காது, அது அதன் நல்ல குணம். ஆனால் இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டு வேலையைப் பார்க்கத் திறந்தால் பாடசாலை வேலை பத்தும் சேர்ந்து கண்ணில் குத்தும். அங்கேதான் வடிகட்டி உதவுகிறது.

இனி எங்கள் கருத்துக்கு வருகிறோம்.

முதலாவது, வேலைக்கு ஒரு பட்டியல், வீட்டுக்கு வேறு பட்டியல் என்று பிரித்து வைக்கச் சொல்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. பட்டியலை இரண்டாக்கலாம், நாளை இரண்டாக்க முடியாது. எங்களில் ஒருவர் முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கிறோம், மற்றவர் தமிழ்ப் பாடசாலையில். ரமழானில் ஒரு பாடசாலைக்கு விடுமுறை, மற்றது நடக்கும். ஸஹருக்கு எழும்பிச் சமைத்துவிட்டு 7.30 மணிக்குக் கையெழுத்து வைக்க ஓடுவது யார், பிள்ளைகளோடு வீட்டில் நிற்பது யார் என்பதெல்லாம் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். அதனால் இப்போது இஷா தொழுகைக்குப் பிறகு ஐந்து நிமிடம், வடிகட்டி எதுவும் போடாமல், அடுத்த நாள் முழுவதையும் இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். வடிகட்டி அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, ஒவ்வொரு வரியிலும் யார் செய்வது என்றும் எழுதத் தொடங்கினோம். பிறகு ஒருநாள் @வீடு என்று தேடினோம். நாலில் மூன்று வரி ஒரே பெயரில் இருந்தது. எந்தப் பெயர் என்று சொல்லத் தேவையில்லை. இருவருக்கும் ஒரே அளவு பாடவேளை, ஒரே சம்பளப் படி. ஆனால் சீருடை தோய்ப்பது, பால்மா முடிவதற்குள் வாங்குவது, குர்ஆன் மத்ரஸாவுக்குப் பிள்ளையை அனுப்புவது எல்லாம் ஒருவர் தலையில். இவ்வளவு காலமும் அவை எழுதப்படவில்லை, அதனால் வேலையாகக் கணக்கில் வரவுமில்லை. ஆண் ஆசிரியர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: நம்பாவிட்டால் ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். வாதாடத் தேவையில்லை, பட்டியலே பேசும்.

மூன்றாவது நமக்கே உரியது. இந்த முறைகளைச் செய்தவர்கள் ஒருவருக்கு ஒரு வேலை, ஒரு வீடு என்று நினைத்திருப்பார்கள். 1990 ஒக்டோபர் 30 க்குப் பிறகு நம்மில் எத்தனை பேருக்கு ஒரு வீடு? சோனகத் தெருவில் திருத்தியும் திருத்தாமலும் ஒரு வீடு. புத்தளத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த இன்னொரு வீடு. இங்கே வேலை, அங்கே வயதான பெற்றோர். எங்கள் பட்டியலில் @வீடு போதவில்லை. @யாழ், @புத்தளம் என்று இரண்டு வைத்திருக்கிறோம். "காணி உறுதி, பிரதேச செயலகம்" என்ற வரி எந்தப் பக்கத்திலும் அடங்காமல் வருடத்துக்கு வருடம் நகர்ந்துகொண்டே வருகிறது. அதைக் கோட்டுக்கு வெளியே தள்ள மனம் வரவில்லை. எழுதி வைத்திருந்தால் ஒருநாள் முடியும், இன்ஷா அல்லாஹ்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. நம் கோப்பில் எவ்வளவு நல்ல வடிகட்டி வைத்தாலும் மற்றவர் கையில் இருக்கும் போனுக்கு வடிகட்டி இல்லை. இரவு பத்தரைக்கு "நாளைக் காலை எட்டுக்குள் விபரம் தேவை" என்று செய்தி வந்தால் எந்த அடையாளமும் உதவாது. பிரான்சில் 2017 முதல், அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் முதல், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்து இருக்கும் உரிமையைச் சட்டம் பேசுகிறது. நாம் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதிபர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினர், பெற்றோர் எல்லோரும் கூடி ஒரு சின்ன ஒழுங்கு வைக்கலாம்: இரவு எட்டு மணிக்குப் பிறகு பாடசாலைக் குரூப்பில் செய்தி போடுவதில்லை. அவசரம் என்றால் அழைப்பு எடுப்போம். மற்றவை விடிந்த பிறகு. நாங்களும் இரவு பதினொன்றுக்குப் பெற்றோருக்கு வீட்டுப்பாடம் அனுப்பியிருக்கிறோம். அந்தத் தவறை முதலில் நாங்கள் நிறுத்துகிறோம்.

கடைசியாக, உம்மாவின் கிளினிக்குக்குத் திரும்புவோம். அந்தப் பிழையிலிருந்து ஒன்றைப் படித்தோம். "வீட்டை மட்டும் காட்டு" என்பதும் "பாடசாலையை மறை" என்பதும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல. மட்டும் காட்டச் சொன்னால் அடையாளம் இல்லாத வரிகள் எல்லாம் காணாமல் போகும். மறைக்கச் சொன்னால் அவை நிற்கும். அதனால் இப்போது நாங்கள் மறைக்கும் வழியைத்தான் பயன்படுத்துகிறோம். பாடசாலை நேரத்தில் வீட்டை மறைப்போம், வீட்டில் பாடசாலையை மறைப்போம்.

உம்மாவின் கிளினிக் வரியில் இருந்த அடையாளத்தை எடுத்துவிட்டோம். இனி எந்தப் பக்கத்தை மறைத்தாலும் அந்த வரி நிற்கும். தேட மட்டும் தெரிந்த சாதாரணச் செயலி வைத்திருப்பவர்கள் இப்படியான வரிகளைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள், திறந்தவுடன் கண்ணில் படும்.

உங்கள் வீட்டில் எந்த வரிக்கு அடையாளம் போடக்கூடாது? யோசித்து, கீழே எழுதுங்கள். எட்டு மணி ஒழுங்கு பற்றியும் உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். பதில் நாளைக் காலை போடுகிறோம்.