நாமிருக்கும் நாடும் நம் அயலவரும்

குடியியல் வினாவுக்கு விடையெழுத நம் மாணவர்க்குச் சில ஆண்டுகளும் தொகைகளும் போதும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 'பங்கிடப்பட்டனர்' என்று எழுதும் கை ஒரு கணம் தயங்க வேண்டாமா? அத்தயக்கத்தைச் சட்டப் புத்தகம் தராது, கதையே தரும்.

அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பதுளை மாவட்டத்திலேயே பிறந்து, தாம் ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டவர் தெளிவத்தை ஜோசப். அவருடைய சிறுகதைத் தொகுதி 1979இல் வெளிவந்தது. அதன் பெயர் 'நாமிருக்கும் நாடே'. அன்று லயங்களில் வாழ்ந்தோருட் பலர் எந்த நாட்டுக்கும் பிரஜைகள் அல்லர். எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. சட்டம் சொல்லத் துணியாததை ஒரு நூலின் அட்டை இருபத்துநான்கு ஆண்டுகள் முன்னரே சொல்லிவிட்டது!

ஆயினும், நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோவலனுக்காகக் கண்கலங்கிய நாம், பெரட்டுக்களத்துப் பேச்சைக் கொச்சையென ஒதுக்கினோம். பட்டணத்தில் உத்தியோகம் கிடைத்ததும் பெற்றோர் பேசிய மொழியை மறைத்துக் கொண்டவர் நம்முள் எத்தனை பேர்! பழைய மாணவர் பலர் இவ்வரியைப் படித்துப் புன்னகைப்பர் என்பதை அறிவோம். சொந்தப் பேச்சுக்கு நாணுவோன் அயலான் பேச்சை மதித்தல் அரிது.

அயலவர் யார்? பசறையைச் சூழ்ந்த சிங்களக் கிராமத்தவரே. 1818இல் ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடூரமாக அடக்கிய நினைவு அவர்களுடையது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் காடும் சேனையும் போயின என்ற மனத்தாங்கலும் அவர்களுடையது. தோட்டத்தால் நிலமிழந்தோம் என்பர் அவர். தோட்டத்துக்கே உழைத்தும் நிலமற்றோம் என்போம் நாம். இவ்விரு துயரும் ஒரே மலையில் வாழ்ந்தும் ஒன்றையொன்று அறியா.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலைக் 'கிராமப் பிறழ்வு' எனத் தமிழாக்கித் தந்தவர் பேராசிரியர் ம. மு. உவைஸ். தென்னிலங்கைக் கிராமமொன்றின் பெருவீடு சிறுகச் சிறுகச் சிதைவதே அதன் கதை. அதைப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு, சிங்களவர் யாவரும் ஆள்வோர் அல்லர், அவருள்ளும் தோற்போர் உளர் என்பது எவரும் விளக்காமலே விளங்கும்.

எனவே கல்லூரிக்கு நம் விண்ணப்பம் ஒன்றுண்டு. மேல்வகுப்பினர் யாவரும், விஞ்ஞானம் கற்போரும் உட்பட, இவ்விரு நூல்களையும் ஒரே தவணையில் படிக்கட்டும். அயற் சிங்களப் பாடசாலை மாணவரையும் ஒருநாள் அழைத்து, நம் கதையொன்றைச் சிங்களத்தில் அவர்க்குச் சொல்லட்டும். அவர்தம் கதையொன்றைத் தமிழிற் கேட்கட்டும். மொழிபெயர்ப்பிற் பிழை வரும், வரட்டும். யூபிலி விருந்துக்கு நாம் திரட்டிய பணத்தில் பத்திலொரு பங்கும் இதற்கு வேண்டாம்.