லேசான பொட்டி, லேசான விலை: எடுக்கலாமா, வேண்டாமா?

போன வாரம் எதிர்வீட்டு அண்ணாச்சி போனைக் கையில பிடிச்சிக்கிட்டே வந்தார்.

"தம்பி, இந்த லாப்டாப்பு ஒரு கிலோதான் இருக்குமாம். விலையும் பதினெட்டாயிரத்துக்குள்ள. பாப்பா பி.காம் சேந்துருக்கால்லா, எடுத்துக் குடுத்துருவமா?"

அண்ணாச்சிக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. பதினெட்டாயிரம்ங்கிறது அவருக்கு ஒரு மாசச் சம்பளத்துக்கும் மேல. வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கோவில்பட்டில தீப்பெட்டி ஆபீஸ்னா தீப்பெட்டித் தொழிற்சாலைன்னு அர்த்தம். மேஜை நாற்காலி எல்லாம் தேடாதீங்க :)

"நல்லாருக்கு அண்ணாச்சி, எடுங்க"ன்னு பட்டுனு சொல்லிட்டுப் போயிருக்கலாம். வாய் வரலை. 2021ல இதே மாதிரி ஒரு பொட்டிய எடுத்து சூடுபட்டவன் நான். அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

வேலை விஷயமா வாரத்துல மூணு நாள் திருநெல்வேலிக்கு பஸ்ல போய்ட்டு வந்த காலம் அது. பஸ்ல உட்காந்தே எழுதலாம்னு ஆசை. பதினொண்ணரை இஞ்ச் திரை, ஒண்ணே கால் கிலோ, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு. கம்பெனி பேர் வேண்டாம். முதல் ஆறு மாசம் தேன்நிலவுதான். தமிழ்99ல தட்ட, மெயில் பார்க்க, பழைய பாட்டு கேட்க எல்லாத்துக்கும் ஜம்முனு இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் விண்டோஸ் அப்டேட்டு கேட்டுச்சு. "இடம் பத்தலை"ன்னு அதுவே சொல்லிச்சு. போட்டோவை அழிச்சேன், பாட்டை அழிச்சேன், இன்னும் பத்தலை. பேருக்குத்தான் 64 ஜிபி, விண்டோஸும் அதோட பரிவாரமும் உட்காந்தபிறகு நமக்கு மிஞ்சுறது பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளுக்குக் கிடைக்கிற இடம்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் பார்க்கிற தம்பிகிட்ட கொண்டு போனேன். பின்பக்கத்தைத் தெறந்து பாத்துட்டு, "அண்ணே, இதுல கழட்டி மாட்ட ஒண்ணுமே இல்ல. ராம், ஸ்டோரேஜ் எல்லாம் போர்டோட சேத்து பத்த வச்சிருக்கான்"னு சொல்லி அதே ஸ்க்ரூவ முறுக்கிக் குடுத்துட்டான். காசுகூட வாங்கலை. அதான் ரொம்ப வலிச்சுது.

இதுல வேடிக்கை என்னன்னா, அக்கா வீட்ல ஒரு பழைய பொட்டி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அக்கா மகன் ப்ளஸ் டூ படிக்கையில, 2013ல, அரசாங்கம் குடுத்த விலையில்லா லாப்டாப். 2011 செப்டம்பர் 15ல ஜெயலலிதா ஆரம்பிச்சு வச்ச திட்டம், ஞாபகம் இருக்கும். கனம்னா அப்பிடி ஒரு கனம், தோள்ல போட்டா தோள் இறங்கிரும். ஆனா அதே தம்பி அதுல ஹார்டு டிஸ்க்கக் கழட்டிட்டு ஒரு எஸ்.எஸ்.டி மாட்டினான், ராம் கூட்டினான், லினக்ஸ் ஏத்திக் குடுத்தான். பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, ப்ளக்க உருவினா பொட்டியும் அணைஞ்சிரும். இருந்தாலும் அக்கா அதுலதான் தினமும் சீரியல் பாக்குறா. நான் காசு குடுத்து வாங்குன லேசான பொட்டி பரண்ல கிடக்கு.

இதுக்காக லேசான பொட்டியே ஆகாதுன்னு நான் சொல்ல வரலை. 2007ல ஆசுஸ் கம்பெனி ஈ பிசின்னு ஒண்ணு கொண்டு வந்தப்ப நம்மள்ல பாதிப் பேரு வாயப் பொளந்தோமே. ஏழு இஞ்ச் திரை, 512 எம்பி ராம், 4 ஜிபி சேமிப்பு, எடை ஒரு கிலோவுக்கும் கீழ. வாங்கினவங்கள்ல நிறைய பேருக்கு வீட்ல பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்துச்சு, இது வெளிய போக வர. அதாவது ரெண்டாவது பொட்டி. அதே சாமானை முதலும் கடைசியுமான ஒரே பொட்டியா ஒருத்தர் வாங்குறப்பதான் சிக்கல் ஆரம்பிக்குது. நம்ம ஊர்ல முக்காவாசிப் பேரு வாங்குறது அப்பிடித்தான்.

2023ல ரிலையன்ஸ் கொண்டு வந்த ஜியோபுக்கையும் எடுத்துக்கோங்க. 990 கிராம், அறிமுக விலை 16,499 ரூபாய், சிம் போடுற வசதியும் உண்டு. படிக்க, எழுத, வீடியோ பாக்க போதும். ஆனா அதுல ஓடுறது விண்டோஸ் இல்ல, ஆண்ட்ராய்டு வழி வந்த ஜியோ ஓஎஸ். டேலி போடணும்னு கேட்டா கைய விரிச்சிரும். தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கடை, பருத்திக் கமிஷன் மண்டின்னு எங்க போனாலும் கணக்கு டேலியிலதான் ஓடுது. பி.காம் படிக்கிற பிள்ளைக்கு டேலி ஓடாத பொட்டி எதுக்கு?

அண்ணாச்சி கேட்டார், "மாடு பிடிக்கையில பல்லப் பிடிச்சுப் பாப்போம் தம்பி. இதுல எதப் பிடிச்சுப் பாக்க?"

நல்ல கேள்வி. எனக்குத் தெரிஞ்ச பல்லு இதுதான்:

1. ஒரு வாரம் என்னென்ன வேலை செய்வோம்னு ஒரு தாள்ல எழுதுங்க. அதுல விண்டோஸ்ல மட்டுமே ஓடுற சாமான் ஒண்ணு இருந்தாலும் ஜியோபுக், க்ரோம்புக் எல்லாத்தையும் அடிச்சிருங்க.

2. விண்டோஸ் 11க்கு குறைஞ்சபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்புன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. அது வாசப்படி, வீடு இல்ல. 2011ல அரசாங்கம் குடுத்தது 2 ஜிபி ராம். 2025ல கல்லூரிப் பிள்ளைகளுக்கு லாப்டாப் குடுக்க டெண்டர் விட்டப்ப கேட்டது 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. சும்மா குடுக்கிறவங்களே அதுக்குக் கீழ போகலைன்னா, காசு குடுத்து வாங்குற நாம ஏன் போகணும்?

3. ராமையோ சேமிப்பையோ பின்னாடி மாத்த முடியுமா? கடைக்காரர் "தெரியாது சார்"னா முடியாதுன்னே வச்சுக்கோங்க.

4. நெசமாவே தூக்கிட்டு அலையப் போறோமா? இல்ல, மேஜை மேலயே கிடக்கப் போகுதா?

நாலுக்கும் பதில் சாதகமா வந்தா தாராளமா எடுங்க. எழுத, படிக்க, மெயில் பாக்க மட்டும்னா லேசான பொட்டிக்கு நம்ம ஊர்ல ஒரு தனி லாபமும் இருக்கு. அதுல நிறைய மாடலுக்கு ஃபேன் கிடையாது. ஆடிக்காத்துல கரிசல் புழுதி பறக்கையில ஃபேன் வச்ச பொட்டிக்குள்ள என்ன சேரும்னு தெறந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். சித்திரை வெயில்ல இது கொஞ்சம் திணறும், அது வேற விஷயம்.

பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சித்தப்பா, காலேஜுக்கு கொண்டு போக வேண்டாம், அங்க லேப் இருக்கு. வீட்ல டேலியும் எக்ஸலும் போட்டுப் பழகணும். அவ்வளவுதான்"னா.

முடிஞ்சுது. தூக்கிட்டே போகப் போறதில்லைன்னா எடைக்கு எதுக்குக் காசு குடுக்கணும்? அதே பணத்தோட கொஞ்சம் கூடப் போட்டா, பெரிய கம்பெனிகள் கழிச்சு விடுற பதினாலு இஞ்ச் பொட்டி, 8 ஜிபி ராம், எஸ்.எஸ்.டியோட செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும். அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமா குடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அதனால விண்டோஸ் 11 முறைப்படி ஏறாத பொட்டியெல்லாம் சந்தைக்கு வந்து குமியுது, விலையும் சல்லிசா இருக்கும். இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழ தொடாதீங்க. பில்லும், ஆறு மாசமாவது வாரண்டியும் இல்லாம வாங்காதீங்க. பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கடையிலயே ஓட்டிப் பாருங்க.

அண்ணாச்சி தலையாட்டிட்டார். ஞாயித்துக்கிழமை மூணு பேருமா கடைக்குப் போறோம். பாப்பா மட்டும் அப்பா போன்ல அந்த லேசான பொட்டிப் படத்த இன்னொரு தடவ பாத்துட்டு, "இது அழகா இருந்துச்சு சித்தப்பா"ன்னா. கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. 2021ல எனக்கும் அது அழகாத்தான் இருந்துச்சு தாயி.

டிஸ்கி: லேசான பொட்டியவே ஒரே பொட்டியா வச்சு நாலஞ்சு வருஷம் ஓட்டினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க மக்களே. நான் சொன்னது தப்புன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிருங்க, அண்ணாச்சி காசு மிச்சமாகும்.