திமிங்கிலமும் கூலிக் கணக்கும்

மெல்வில்லின் 'மோபி டிக்' பற்றிப் பேச்சு வந்தாலே, அந்த வெள்ளைத் திமிங்கிலம் கடவுளா, தீமையா, இயற்கையா என்றுதான் தர்க்கம் தொடங்குகிறது. நாவலில் ஒரு கப்பலும் இருக்கிறது, அது ஒரு தொழிற்கூடம் என்பது நமக்கு உறைப்பதேயில்லை. எண்ணெய் காய்ச்சும் அத்தியாயங்களை வெறும் தகவல் என்று புரட்டிவிடுபவர்கள் நாவலின் முதுகெலும்பை உருவிவிட்டு வாசிக்கிறார்கள் என்பது என் கட்சி.

மெல்வில் 1841 ஜனவரியில் ஃபேர்ஹேவன் துறைமுகத்திலிருந்து 'அக்குஷ்நெட்' என்னும் வேட்டைக் கப்பலில் கிளம்பினார். அதே ஆண்டு ஜூலையில், ஆற்றின் எதிர்க்கரையான நியூ பெட்ஃபோர்டில் 'சார்லஸ் டபிள்யூ. மார்கன்' நீரில் இறங்கியது. 1921 வரை 37 பயணங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள்.

அதில் நடந்த வேலை இது. கொன்ற திமிங்கிலத்தைக் கப்பலின் பக்கவாட்டில் கட்டி, கொழுப்பைப் பட்டைபட்டையாக உரித்து மேலேற்றுவார்கள். தளத்தின் மேலேயே செங்கல் அடுப்பு, இரும்புக் கொப்பரைகள். மூட்டுவதற்கு மட்டுமே விறகு. பிறகு எண்ணெய் வடிந்த சக்கையே எரிபொருள். எண்ணெய் விளக்குகளுக்கும் இயந்திரங்களுக்கும் போயிற்று. சில திமிங்கிலங்களின் வாயிலிருக்கும் வளையும் தகடுகள் சீமாட்டிகளின் இடைக்கச்சுக்குப் போயின.

மாலுமிக்குச் சம்பளம் கிடையாது. 'லே' என்னும் பங்குதான். கேப்டனுக்குப் பதினைந்தில் ஒன்று என்றால் புதிய ஆளுக்கு இருநூறில் ஒன்று என்ற அளவில் இருக்கும். உடுப்பும் புகையிலையும் கப்பல் கிடங்கிலிருந்து கடனாக, கூடுதல் விலைக்கு. கணக்குத் தீர்க்கையில் கழித்துக்கொள்வார்கள். மூன்று நான்கு ஆண்டு உழைத்துவிட்டு வெறுங்கையோடு கரையிறங்கியவர்கள் உண்டு. கப்பலுக்குப் பெயர் தந்த முதலாளி மார்கன் ஒரு குவேக்கர். அடிமை முறையை எதிர்த்த சமயக் குழு அது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மெல்வில்லுக்கு இது தெரியும். 1842இல் மார்க்கெசஸ் தீவில் கப்பலை விட்டு ஓடியவர் அல்லவா! நாவலில் குவேக்கர் முதலாளி ஒருவர் வேதாகமத்தை வாசித்தபடியே இஷ்மவேலுக்கு 777இல் ஒரு பங்கு என்கிறார். கடைசியில் 300இல் ஒன்றுக்கு முடிகிறது. நகைச்சுவைக் காட்சி என்று சிரித்துக் கடக்கிறோம். வெண்மையின் தத்துவத்துக்குப் பக்கம் பக்கமாக உரை எழுதுபவர்கள் இந்தப் பின்னத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

மார்கன் இப்போது மிஸ்டிக் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பழுதுபார்க்கப்பட்டு 2014இல் 38ஆவது பயணம் போய், திமிங்கிலங்களைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பியது. மகிழ்ச்சிதான். நாவலைத் திரும்ப எடுக்கும் நண்பர்கள் 16ஆம் அத்தியாயத்தில் கொஞ்சம் நிதானிக்கவும், 96ஐத் தாண்டிக் குதிக்காமல் இருக்கவும் வேண்டுகிறேன்.