இரண்டாம் வரிசை இல்லாத அணி: மும்பைக் கிரிக்கெட்டின் கீழ்த்தளம் குறித்து

2024 மார்ச்சில் வான்கடே அரங்கில் விதர்பாவை 169 ரன் வித்தியாசத்தில் வென்று மும்பை அணி தனது 42ஆவது ரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றியபோது, மும்பைக் கிரிக்கெட் சரிந்துவருகிறது என்ற நெடுநாள் பேச்சு பொய்த்துவிட்டதாகப் பலரும் எழுதினர். எழுதக் காரணமும் இருந்தது. காலிறுதியில் பரோடாவுக்கு எதிராகப் பத்தாவதாகவும் பதினொன்றாவதாகவும் இறங்கிய தனுஷ் கோட்டியனும் துஷார் தேஷ்பாண்டேயும் ஆளுக்கொரு சதம் அடித்தனர். இறுதியாட்டத்தில் 19 வயது முஷீர் கான் 136 ரன் எடுத்தார். கடைசி ஆள்வரை மட்டை பிடிக்கத் தெரிந்த ஓர் அணியைப் பார்த்து, இதன் அடித்தளம் அரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்பவரை ஐயத்தோடு நோக்குவது இயல்புதான். ஆயினும் கோப்பை என்பது அதை வென்ற பதினொருவரைப் பற்றிய சான்று மட்டுமே. பன்னிரண்டாமவரும் ஐம்பதாமவரும் இருநூறாமவரும் அந்த ஆண்டு எங்கே ஆடினர், யார் அவர்களைப் பார்த்தார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இக்கேள்வி மும்பைக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், அந்நாட்டுக்கே உரிய கால்பந்தாட்டத்தின் மாநில அளவிலான கிளப்புகளுக்கு ஒரு வளர்ச்சி லீக் இருந்தது. முதல் அணியில் இடம்பெறாதவர்கள் அதே கிளப்பின் சீருடையில், அதே வார இறுதியில் ஆடுவதற்கான போட்டி அது. 2017 பருவத்தோடு அது நிறுத்தப்பட்டது. அதன்பின் போர்ட் மெல்போர்ன், வில்லியம்ஸ்டவுன் போன்ற கிளப்புகளில் தேர்வாகாத ஆட்டக்காரர், வாரநாளில் ஓரிடத்தில் பயிற்சி பெற்று, வார இறுதியில் தமது வட்டாரக் கிளப்புக்குத் திரும்பிச்சென்று ஆடும் நிலை வந்தது. கணக்குப் புத்தகத்தில் இது சிக்கனம்: ஒரு பயிற்சியாளர் குறைவு, ஒரு மைதான வாடகை குறைவு, பயணச்செலவு குறைவு. ஆனால் காயத்திலிருந்து மீளும் மூத்த வீரர் அரை ஆட்டம் ஆடிப்பார்க்க இடமில்லாமல் போகிறது. பதினெட்டு வயது இளைஞர் தமது கிளப்பின் ஆட்டமுறையைப் பயிற்சியில் கற்று, வேறொருவரின் ஆட்டமுறையில் அதைச் சோதிக்க வேண்டியவராகிறார். இளம் பயிற்சியாளர்களும் நடுவர்களும் தொழில் பழகும் களமும் அத்துடன் மூடப்படுகிறது. இங்கிலாந்தின் கவுண்டிகள் 1959 முதல் இரண்டாம் அணிகளுக்கெனத் தனி சாம்பியன்ஷிப் நடத்திவருவது இந்த இழப்பைத் தவிர்க்கத்தான்.

இந்தியாவில் மாநில அணிகளுக்கு இவ்வகை இரண்டாம் அணி கிடையாது. வயதுவாரி அணிகள் உள்ளன: 16 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர், அதற்குமேல் சி. கே. நாயுடு கோப்பைக்கான அணி. இக்கடைசிப் போட்டியின் வயது வரம்பு 23க்கும் 25க்கும் இடையே அவ்வப்போது மாறியிருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டி, ரஞ்சி அணியிலும் இடம்பெறாத ஒருவருக்கு மாநிலச் சங்கத்தின் சீருடையில் ஆட எந்த இடமும் இல்லை. 26 வயதில் ஒருவர் முன்னேற முடியும் என்ற எண்ணத்துக்கே இந்த அமைப்பில் கட்டம் வரையப்படவில்லை. மும்பையில் அந்தக் கட்டத்தை நிரப்பியவை கிளப் கிரிக்கெட்டும் அலுவலகக் கிரிக்கெட்டும். பெயரில் இல்லாவிட்டாலும் செயலில் அவையே மும்பையின் இரண்டாம் அணி.

மருத்துவரும் பழைய பார்சி அணி மட்டையாளருமான ஹோர்மஸ்ஜி காங்காவின் பெயரால் 1948இல் தொடங்கிய காங்கா லீக், மழைக்காலத்தில் மூடப்படாத ஆடுகளங்களில் நடக்கும் விசித்திரமான போட்டி. ஏ முதல் ஜி வரை பிரிவுகள். மேலேறவும் கீழிறங்கவும் வழி உண்டு. மைதானங்களில் புல் முழங்கால்வரை வளர்ந்திருக்கும். தரையோடு அடித்த பந்து எல்லைக்குப் போகாது. ஆசாத் மைதானத்தில் ஓர் ஆட்டத்தின் எல்லைக்காவலர் அடுத்த ஆட்டத்தின் ஸ்லிப்புக்குப் பின்னால் நிற்பார். ஈர மண்ணில் எழும்பியும் நின்றும் வரும் பந்தைக் கடைசி நொடிவரை பார்த்து ஆடக் கற்றவர்களுக்கு இங்கிலாந்து மண் அச்சம் தரவில்லை என்று மும்பையின் மூத்த மட்டையாளர்கள் பலமுறை சொல்லியிருக்கின்றனர். இதில் ஓரளவு பழம்பெருமையும் கலந்திருக்கலாம். ஆனால் ஆடுகளத்தைவிட முக்கியமானது அணியின் வயதுக்கலவை. ஜான் பிரைட் கிளப்புக்காகச் சச்சின் டெண்டுல்கர் காங்கா லீக்கில் முதன்முதலாக இறங்கியபோது அவருக்கு 11 வயது; ஆண்டு 1984. இன்றைய வயதுவாரி முறையில் 11 வயதுச் சிறுவர் தம் வயதினரின் பந்துகளைத்தான் சந்திப்பார். காங்கா லீக்கில் அவருக்கு எதிரே, பதினைந்து மழைக்காலங்களைப் பார்த்த, இனி எந்தத் தேர்வுக்குழுவையும் எதிர்பாராத ஒரு வங்கி எழுத்தர் பந்துவீசினார். அந்த எழுத்தரே அந்தச் சிறுவரின் பல்கலைக்கழகம்.

மாட்டுங்காவின் தட்கர் மைதானத்தைச் சார்ந்த தாதர் யூனியன் கிளப்பின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மாதவ் மந்திரி, வாசு பராஞ்ச்பே, சுனில் கவாஸ்கர், ராம்நாத் பார்க்கர், திலீப் வெங்சர்க்கார் ஆகியோரை ஒரே பெயர்ப்பலகையின்கீழ் கண்ட கிளப் அது. பராஞ்ச்பே டெஸ்ட் ஆடியவர் அல்லர். ஆனால் கவாஸ்கர் உட்பட ஒரு தலைமுறையே ஆட்டத்தை அவரோடு பேசிப் பேசி வளர்ந்தது. சிவாஜி பார்க் ஜிம்கானாவுடன் இக்கிளப் மோதும் நாளில் பார்வையாளர் திரள்வர். டெஸ்ட் வீரர்கள் ஊரில் இருந்தால் கிளப்புக்கு ஆடுவது கடமையெனக் கருதப்பட்டது. மேல்மட்டத்தின் ஆட்டத்தரம் வாரந்தோறும் கீழ்மட்டத்துக்கு இறங்கிவந்த வழி அது. பன்னாட்டு ஆட்டங்களும் ஐபிஎல்லும் ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்ட பின் அந்த வழி அடைபட்டது. அதற்காக எந்த வீரரையும் குறைகூற இயலாது. ஆனால் லீக்கின் பெயர் பட்டியலில் தொடர்வதால் லீக்கே தொடர்கிறது என்று கருதுவது பிழை.

அடுத்த தளம் வேலை. 1930களின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் டைம்ஸ் கேடயம் அலுவலக அணிகளுக்கானது. கவாஸ்கர் நிர்லான் நிறுவனத்தில், அஜித் வாடேகர் பாரத ஸ்டேட் வங்கியில், பாபு நட்கர்னி ஏசிசி சிமென்டில், அசோக் மன்கட்டும் ஏக்நாத் சோல்கரும் மஃபத்லாலில். சோல்கர், இந்து ஜிம்கானா மைதானப் பராமரிப்பாளரின் மகன். அந்த மைதானத்திலேயே குடியிருந்த குடும்பம். அவரைப் போன்ற ஒருவர் 25 வயதுக்குப் பின்னும் ஆட்டத்தில் நீடிக்க மாதச்சம்பளம் வேண்டும். அதை ஆலை முதலாளி தந்தார். மாட்டுங்காவின் தமிழ்க் குடும்பங்கள் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று மும்பையின் அலுவலகங்களுக்குள் நுழைந்த கதை நன்கு அறியப்பட்டது. அதே கதவின் இன்னொரு சாவி கிரிக்கெட் மட்டை. (1966இல் தோன்றிய சிவசேனை இந்த எழுத்தர் வேலைகளைத்தான் தென்னிந்தியருக்கு எதிரான அரசியலாக்கியது என்பதையும் சேர்த்துப் படித்தால், அலுவலக அணித்தேர்வின் சமூகவியல் ஒரு தனி ஆய்வேட்டுக்குப் போதும்.)

1982 ஜனவரியில் தொடங்கிய ஜவுளி ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1991க்குப் பின் தனியார் நிறுவனங்கள், தம் முதன்மைத் தொழிலுக்குப் புறம்பானது எனக் கருதிய செலவுகளைக் குறைத்தன. வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டங்களை அறிவித்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை என்பது அரிதாகி, உதவித்தொகையும் ஒப்பந்தமும் அதன் இடத்துக்கு வந்தன. செம்பூர்ப் பகுதியின் உர ஆலையும் எண்ணெய் நிறுவனங்களும் பொதுத்துறையில் இருந்ததால் அந்த மரபைச் சற்று நீண்டகாலம் காத்தன. டைம்ஸ் கேடயம் இன்றும் நடக்கிறது. அதன் பின்னிருந்த பொருளாதாரம்தான் இல்லை.

இந்தக் கீழ்த்தளம் என்ன செய்யும் என்பதற்குப் பிரவீண் தாம்பே சாட்சி. முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல், ஒரு கப்பல் நிறுவனத்தின் அலுவலக அணியிலும் கிளப்புகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பந்துவீசியவர். 2013இல் தமது 41ஆம் வயதில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்காக ஐபிஎல்லில் இறங்கினார். அதே ஆண்டு மும்பைக்காக ரஞ்சியிலும் ஆடினார். அவர் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது. திரைப்படம் அதைத் தனிமனித விடாமுயற்சியின் கதையாகச் சொன்னது. அது அமைப்பின் கதையும்கூட. 41 வயதுவரை வாரந்தோறும் பந்துவீச ஓர் இடமும், மாதந்தோறும் சம்பளமும் இருந்ததால்தான் அந்த விடாமுயற்சிக்கு உடல் கிடைத்தது. இன்று 22 வயதில் விலக்கப்படும் லெக் ஸ்பின்னருக்கு மனவுறுதி குறைவென்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை; அவருக்கு வாடகை கட்ட வேண்டியிருக்கிறது.

கீழ்த்தளம் முழுமையாக நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்பாராத ஒரு சோதனையும் நடந்தது. பெருந்தொற்றுக் காலமான 2020இல் காங்கா லீக் நடக்கவில்லை. 2020–21 பருவத்தில் ரஞ்சிக் கோப்பை, 87 ஆண்டுகளில் முதன்முறையாகக் கைவிடப்பட்டது. வயதுவாரிப் போட்டிகளும் நடக்கவில்லை. குறுகிய வடிவப் போட்டிகளான சையது முஷ்டாக் அலியும் விஜய் ஹசாரேவும் மட்டும் ஆடவருக்கு நடந்தன. வயது வரம்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 19 வயதுக்குட்பட்ட பிரிவில் கடைசி ஆண்டில் இருந்தவர், ஒரு பந்தும் ஆடாமலே அப்பிரிவைக் கடந்துவிட்டார். முந்தைய பருவத்தில் மாநில அணிக்கு ஆடியவர்களுக்கு 2021 செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் ஆட்டக்கட்டணத்தில் 50 சதவீதத்தை ஈடாக அறிவித்தது. கிளப் ஆட்டக்காரர் அந்தத் திட்டத்தில் வரவில்லை. வருவதற்கு அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அப்படியிருந்தும் மும்பை 2022 ஜூனில் மத்தியப் பிரதேசத்திடம் தோற்றாலும் இறுதிக்குச் சென்றது, 2024இல் வென்றது. எனவே கீழ்த்தளத்தின் முக்கியத்துவம் மிகைப்படுத்தப்படுகிறது என்று வாதிடலாம். வலுவான வாதம்தான். ஆனால் 2024இல் வென்ற அணியின் மூத்தவர்கள் பழைய அமைப்பில் உருவானவர்கள். இழப்பின் விளைவு அணியின் நடுவயதில், பத்தாண்டு கழித்துத் தெரியும். இன்னொரு விளைவு இப்போதே தெரிகிறது: மும்பையில் வளர்ந்தவர்கள் பிற மாநிலங்களுக்குச் செல்கின்றனர். அர்ஜுன் டெண்டுல்கர் 2022இல் கோவாவுக்கும், பிரித்வி ஷா 2025இல் மகாராஷ்டிரத்துக்கும் மாறினர். ஒவ்வொருவர் காரணமும் வேறு. எனினும் முதல் அணிக்கு வெளியே காத்திருக்க மதிப்புள்ள இடம் இல்லாதபோது, வெளியேறுவதே பகுத்தறிவான முடிவாகிறது. வெளியேறும் வசதியும் அறிமுகமும் உடையவர்களுக்கு அது முடிகிறது.

மாற்றாக முன்வைக்கப்படுவது டி20 மும்பை லீக். 2018இல் தொடங்கி, 2019இல் தொடர்ந்து, பிறகு 2025வரை நின்றுபோன போட்டி அது. ஆறாண்டு இடைவெளி விடும் போட்டியை வளர்ச்சிப் படிநிலை என்று அழைப்பது சொல்லின் பொருளைச் சிதைப்பது. ஏற்கெனவே தெரிந்தவர்களைக் காட்சிப்படுத்த அது உதவும். தெரியாதவர்களைத் தெரியவைக்க மாதக்கணக்கில், யாரும் பார்க்காத ஞாயிற்றுக்கிழமைகள் தேவை. இவ்விடத்தில் சென்னையோடு ஒப்பிடலாம். அங்கே இந்தியா சிமென்ட்ஸ், கெம்பிளாஸ்ட் போன்ற நிறுவனங்கள் லீக் அணிகளையே தம் பொறுப்பில் நடத்திவந்துள்ளன. ஆட்டக்காரருக்கு அதனால் சம்பளமும் ஆடுகளமும் கிடைத்தன. அதற்கும் விலை உண்டு: சில முதலாளிகளின் விருப்பத்தில் ஒரு மாநிலத்தின் கிரிக்கெட் தொங்குகிறது. மும்பையில் சந்தாவாலும் தன்னார்வத்தாலும் நடந்த கிளப்புகளுக்கு அந்தப் புரவலரும் இல்லை.

இவ்விழப்பு எல்லோர்மீதும் சமமாக விழவில்லை. செம்பூரில் பிறந்து, மாட்டுங்காவில் டான் பாஸ்கோ பள்ளியிலும் போதார் கல்லூரியிலும் படித்து, சிவாஜி பார்க் ஜிம்கானாவில் பிரவீண் ஆம்ரேயிடம் பயின்ற ஷ்ரேயஸ் ஐயர் 2015–16 ரஞ்சிப் பருவத்தில் 1321 ரன் குவித்தார். அவர் திறமை மறுக்க முடியாதது. பள்ளி, கல்லூரி, கிளப் என ஒவ்வொரு படியும் ரயிலில் சில நிறுத்தங்களுக்குள் அவருக்கு இருந்தது என்பதும் மறுக்க முடியாதது. அதே மாட்டுங்காவுக்குத் தண்டவாளம் கடந்தால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் அங்கே சந்துகளில் ரப்பர் பந்தும் டென்னிஸ் பந்தும் ஆடுகின்றனர். காங்கா லீக்கின் கீழ்ப்பிரிவுக் கிளப் ஒன்றில் சேர அவர்களுக்குத் தேவைப்பட்டது வெள்ளை உடையும் ஒரு பெரியவரின் அறிமுகமும். கிட்பை இரவல் கிடைத்தது. அந்த இடத்தில் இன்று நிற்பது மாதக்கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சியகம். 2024இல் தொடங்கிய டென்னிஸ் பந்து லீக் அவர்களுள் சிலருக்கு வருமானம் தரலாம். அதிலிருந்து நான்கு நாள் ஆட்டத்துக்குப் படிக்கட்டு ஏதும் கட்டப்படவில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவுடையவை அல்ல. ரஞ்சித் தேர்வுக்கான உத்தேசப் பட்டியலில், வயது வரம்பு கடந்தோர்க்கென, காங்கா லீக்கிலும் டைம்ஸ் கேடயத்திலும் எடுத்த ரன்களையும் விக்கெட்டுகளையும் அடிப்படையாகக் கொண்ட சில இடங்களை ஒதுக்கலாம். மாநிலச் சங்கங்கள் தம்முள் பேசி, ரஞ்சி ஆட்டம் நடக்கும் ஊரிலேயே அதே வாரம் இரண்டாம் அணிகளின் மூன்று நாள் ஆட்டத்தை நடத்தலாம். கீழ்ப்பிரிவுகளின் மதிப்பெண் அட்டைகளை முழுமையாகப் பதிவுசெய்து பொதுவில் வைக்கலாம். ஆய்வாளர்களுக்கும் அது பயன்படும். மித்தி ஆற்றின் மறுகரையில், பாந்திரா–குர்லா வளாகத்தில், மும்பை கிரிக்கெட் சங்கத்துக்கு நல்ல ஆடுகளமும் உள்ளரங்கப் பயிற்சியகமும் உள்ளன. தாராவியிலிருந்து நடந்தே போகும் தூரம். வாரத்தில் ஒரு காலை, எஃப், ஜி பிரிவுக் கிளப்புகளுக்குக் கட்டணமின்றி அதைத் திறந்துவிட ஒரு நிர்வாகக்குழுத் தீர்மானம் போதும்.