கால் வீங்கினால் முதலில் பிரஷரைப் பாருங்கள்

கல்முனையில் பாமசி நடத்துபவன் நான். அண்மைக் காலமாக எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட், கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பாதிப்பேர் போனில் ஏதாவது வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள். கடலுக்குப் போகிறவருக்கு இடுப்பு வலி, தறியில் இருக்கும் மருதமுனைக்காரருக்கு முழங்கால் வலி. உப்புப் போட்ட வெந்நீர் இதமாகத்தான் இருக்கும். ஆனால் மக்னீசியம் தோல் வழியாக உள்ளே போய் நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கேட்பவர்களுக்கு அதைச் சொல்லிவிட்டே விற்கிறேன்.

சிலர் மெலிவதற்கென்று குடிக்கவும் கேட்கிறார்கள். குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியாக்குவதுதான் இதன் வேலை. பேதியுப்பு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சிறுநீரகம் பழுதானவர் குடித்தால் மக்னீசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. "மகளுக்கு எட்டு மாசம் தம்பி, ரெண்டு காலும் வீங்கிக் கிடக்கு, உப்பு ஒரு பக்கெட் தாங்க" என்று ஓர் உம்மா வந்து நின்றால், "பிரஷர் எப்ப பாத்தீங்க ராத்தா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

கர்ப்ப காலத்தில் கால் வீங்குவது வழமைதான். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் அது பிரீஎக்லாம்சியா. தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு என்று கூடிக்கொண்டுபோய் வலிப்பில் முடியலாம். தாயும் பிள்ளையும் போகலாம்.

அந்த வலிப்பைத் தடுக்கிற மருந்தும் இதே மக்னீசியம் சல்பேட்தான். 2002இல் வெளிவந்த மக்பை ஆய்வில் 33 நாடுகளின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். இந்த மருந்து ஏற்றப்பட்டவர்களுக்கு வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இருக்கிறது.

ஆனால் கடைப் பக்கெட் வேறு, ஊசி மருந்து வேறு. வைத்தியசாலையில் முதலில் 4 கிராமை நாளத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். பிறகு பெரும்பாலும் 24 மணித்தியாலம் தொடரும். தாதி இடைக்கிடை வந்து முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீரை அளப்பார். மருந்து அளவு மீறினால் முதலில் அந்த முழங்கால் துடிப்பு நின்றுபோகும், அடுத்து மூச்சு. அதற்கு மாற்று மருந்தான கல்சியம் குளுக்கோனேட்டைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். இவ்வளவு காவலோடு கொடுக்கும் மருந்துக்கு வாளித் தண்ணீர் ஈடாகுமா? போதாததற்கு, கால் ஊறவைத்து வீக்கம் கொஞ்சம் வாடினால், "சுகம் வந்திட்டு" என்று கிளினிக்கையும் தள்ளிப்போடுகிறோம்.

பிள்ளை பிறந்துவிட்டால் பயம் தீர்ந்தது என்பதும் தப்பு. பேறுக்குப் பிறகும், சிலருக்கு வாரங்கள் கழித்தும், இந்த வலிப்பு வரும். நம் ஊரில் நாற்பது நாளும் தாயை வெளியே இறக்க மாட்டோம். அந்த நாட்களில் கடும் தலையிடி என்றால் குளிர் பிடித்தது, கண்ணூறு பட்டது என்று ஓதிப் பார்ப்போம். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. ஓதிக்கொண்டே வாகனத்தில் ஏற்றுங்கள் என்கிறேன். கல்முனைக்குள்ளேயே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கும்போது நேரத்தை வீட்டில் ஏன் இழக்க வேண்டும்?

பாமசிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கர்ப்பிணிக்கென்று உப்புக் கேட்டால், பிரஷர் பார்க்காமல் கொடுக்காதீர்கள். கடையில் ஒரு பிரஷர் மெஷின் வைத்திருங்கள், பார்ப்பதற்குக் காசு வாங்காதீர்கள். உம்மாமாருக்கும் ஒரு சொல்: மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது வீக்கத்தையும் தலையிடியையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் போகச் சொன்னால் அன்றைக்கே போங்கள்.