வந்தானா, வந்தாளா?

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவருக்கு வினைமுற்று ஓயாத தொல்லை. மலையாளத்தில் அப்பா வந்தாலும் அம்மா வந்தாலும் குழந்தை வந்தாலும் ‘வந்நு’தான். வினைச்சொல்லின் வாலில் ஆண், பெண் அடையாளம் கிடையாது. தமிழோ வாக்கியம் முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடு என்கிறது. வந்தானா, வந்தாளா? மூல ஆசிரியர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதை மொழிபெயர்ப்பாளர் சொல்லியாக வேண்டும்.

தம்பானூரில் இந்த இரண்டு மொழிகளும் நாள் முழுவதும் உரசிக்கொள்கின்றன. ஒரு பக்கம் திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம், எதிரே அரசு பஸ் நிலையம். நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்குபவர் தமிழில் வழி கேட்பார், பதில் மலையாளத்தில் வரும். இருவருக்கும் புரிந்துவிடும். இரு தரப்புக்கும் புரியாமல் போவது வேறு விஷயம். ஆண் பிள்ளை என்று வளர்க்கப்பட்டுப் பாவாடைக்கு அடம் பிடிக்கும் குழந்தை, பெண் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறுக்கும் குழந்தை, இரண்டு வரிசையிலும் நிற்க மாட்டேன் என்கிற குழந்தை. இவர்களைப் பார்த்து எல்லையின் இரு பக்கமும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். ஆணா, பெண்ணா, சீக்கிரம் சொல்.

பெற்றோருக்கு இந்த அவசரம் ஏன்? பெரும்பாலும் கொடூரத்தால் அல்ல, பயத்தால். பள்ளியில் கேலி செய்வார்கள், கல்யாண வீட்டில் உறவினர்கள் கிசுகிசுப்பார்கள், மூத்தவளுக்கு வரன் அமையாது, நம் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளையின் கதி என்ன? எல்லாம் நியாயமான பயங்கள். ஆனால் பயம் முற்றினால் பிரம்பாகிறது. முதலில் அதட்டல், பிறகு அடி, ஒட்ட வெட்டிய முடி, மந்திரித்த கயிறு, கடைசியில் ‘சரி செய்து’ தரும் டாக்டரைத் தேடி ஓட்டம்.

அதன் முடிவு என்ன என்பதை நாமக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த ஏ. ரேவதி தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2010இல் வெளிவந்து, பிறகு ‘வெள்ளை மொழி’ என்று தமிழில் வந்த புத்தகம். கோலம் போடுவதும் பெண் உடை உடுத்துவதும் பிடித்திருந்த அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கிடைத்தது அண்ணன்களின் அடி. பிள்ளை வீட்டை விட்டு டெல்லி வரை போனது. ஆதரவு தேடிப் போன இடம், தன்னைப் போன்றவர்கள் கூடி வாழ்ந்த இடம். ஆயிரம் கஷ்டங்கள் இருந்தாலும் அங்கே ‘நீ யார்’ என்று விசாரணை இல்லை. புத்தகத்தைப் படிக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அடி அந்தப் பிள்ளையின் மனத்தை மாற்றவில்லை. முகவரியை மட்டும் மாற்றியது.

அப்படி வீட்டை விட்டுக் கிளம்பும் குழந்தை முதலில் வந்து சேருவது ஒரு ரயில் நிலையத்துக்கோ பஸ் நிலையத்துக்கோதான். தம்பானூர் மாதிரி ஓர் இடம். தனியாக நிற்கும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லலாம். ஆனால் மீட்பவர்களின் முக்கிய நோக்கம் குழந்தையை வீட்டில் சேர்ப்பது. வீடே காரணமாக இருந்தால்?

2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றி யோசித்தது. திருநர் என்பதற்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, குழந்தையின் நலனுக்காக நீதிமன்றம் உத்தரவிட்டால் ஒழிய, என்றது. பெற்றோரால் பராமரிக்க முடியாவிட்டால் நீதிமன்ற உத்தரவின் பேரில் மறுவாழ்வு மையம். வீடு அல்லது மையம், இரண்டே வழிகள். ரேவதி போன்றவர்களுக்கு அடைக்கலம் தந்த திருநங்கையர் குடும்பங்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே சுற்றிச் சுற்றி வந்தாலும் பொறுப்பு மீண்டும் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது.

பிறப்பில் ஆணா பெண்ணா என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே பிரபலமான சாட்சி உண்டு. 1813இல் சுவாதித் திருநாள் பிறந்தபோது இரயிம்மன் தம்பி பாடியதாகச் சொல்லப்படும் தாலாட்டு அது. ஆண் வாரிசுக்காகத் திருவிதாங்கூர் அரண்மனையே காத்திருந்த நேரம். அந்தப் பாட்டைக் கேட்காமல் வளர்ந்த மலையாளி இல்லை. நம் காலத்தில் மலையாளக் கவிஞர் விஜயராஜமல்லிகா இன்னொரு தாலாட்டு எழுதினார். ஆண் என்றோ பெண் என்றோ பிரித்துச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறந்த ஊடுபால் குழந்தைக்கான தாலாட்டு. அரச வாரிசுக்குக் கிடைத்த கொஞ்சல் இந்தக் குழந்தைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதே அதன் நியாயம்.

ஊடுபால் என்பது உடலைப் பற்றியது. உடலமைப்பில் எந்தக் குழப்பமும் இல்லாத குழந்தை தன்னை வேறு பாலாக உணர்வது மனத்தைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பெரியவர்கள் இரண்டு குழந்தைகளையும் ஒரே அவசரத்தோடுதான் நடத்துகிறார்கள். அந்த அவசரத்துக்கு நீதிமன்றங்கள் இரண்டு முறை கடிவாளம் போட்டன.

முதலில் மதுரை. 2019 ஏப்ரலில், தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்த வழக்கில், மணமகளான திருநங்கைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். அதோடு நிற்கவில்லை. ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலை நிர்ணயிக்கும் அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்க உத்தரவிட்டார். அப்படி ஒரு குழந்தை பிறப்பது சங்கடமோ அவமானமோ அல்ல என்று பெற்றோர் உணர ஊக்குவிக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அத்தகைய அறுவை சிகிச்சைகளுக்குத் தடை விதித்து ஆணையிட்டது.

அடுத்தது கேரளம். ஏழு வயதுக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய அனுமதி கேட்டுப் பெற்றோரே நீதிமன்றம் போனார்கள். பெண்ணாகவே வளர்க்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். 2023 ஆகஸ்டில் நீதிபதி வி.ஜி. அருண் மறுத்தார். குழந்தையின் சம்மதமின்றி செய்தால் அதன் கண்ணியமும் அந்தரங்க உரிமையும் பாதிக்கப்படும். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை தன்னை வேறுவிதமாக உணர்ந்தால் என்ன செய்வது? உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று நிபுணர் குழு பார்க்கட்டும், இருந்தால் மட்டும் சிகிச்சை என்றது தீர்ப்பு. பெற்றோரைக் குற்றவாளிகளாக்கவில்லை. பொறுத்திருங்கள் என்றது.

பொறுத்திருப்பது என்பதுதான் பலருக்கும் புரியாத பாடம். ‘இது வயதுக் கோளாறு, போய்விடும்’ என்பார் ஒருவர். போகலாம். பாவாடைக்கு அடம் பிடிக்கும் எல்லாப் பையன்களும் திருநங்கைகளாக வளர்வதில்லை. போகாமலும் இருக்கலாம். எது என்று ஐந்து வயதில் அடித்துக் கேட்டாலும் தெரியாது. முத்திரை குத்த மருத்துவக் காரணமும் இல்லை. பருவம் எய்தும் வரை மருந்தோ கத்தியோ தேவையில்லை. தேவைப்படுவது விருப்பமான உடை, விருப்பமான விளையாட்டு, சொல்வதைக் கேட்க ஒரு காது. நாளைக்குப் பிள்ளை மனம் மாறினால் இதில் எதுவும் நஷ்டமில்லை. மாறாவிட்டால் வீடு மிச்சமிருக்கும்.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா ஓல்சன் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 12 வயது வரையுள்ள 73 திருநர் குழந்தைகளைப் பார்த்தார்கள். குடும்ப ஆதரவோடு, தாங்கள் உணரும் பாலிலேயே வாழ்ந்த குழந்தைகள். அவர்களிடம் மனச்சோர்வு மற்றக் குழந்தைகளின் அளவிலேயே இருந்தது. பதற்றம் மட்டும் சற்றுக் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் இதை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சை தருவது தொழில் முறைகேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. அதற்குத் தூண்டுகோல், 2021 ஜூனில் தொடங்கிச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவுகள். இந்த விஷயம் தனக்கே புரிய வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியவர் அவர். ஒரு நீதிபதி செய்ததைப் பெற்றோரும் ஆசிரியரும் செய்யலாம்.

ஆசிரியர்களுக்கு உதவ 2021இல் என்.சி.இ.ஆர்.டி. ஒரு பயிற்சிக் கையேடு வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே வலைத்தளத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் டெல்லிக்குக் காத்திராத பள்ளிகளும் இருந்தன. எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளி 2018இல் தொடங்கி எல்லாக் குழந்தைகளுக்கும் முழங்கால் தாண்டிய கால்சட்டையும் சட்டையும் சீருடையாக்கியது. சிறுமிகள் ஓடி விளையாடட்டும் என்பது நோக்கம். இரு வரிசையிலும் சேராத குழந்தைக்கும் அது காலை நேரத்துச் சண்டை ஒன்றைக் குறைக்கும். பெரிய கொள்கை அறிக்கைகளைவிட ஒரு கால்சட்டை சில சமயம் அதிகம் செய்யும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் தவிர ‘பிற’ என்று பதிவானவர்கள் சுமார் 4.88 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 55,000 பேர் ஆறு வயதும் அதற்குக் கீழும். இந்த வயதுக் குழந்தை கணக்கெடுப்பாளரிடம் தானே போய்ச் சொல்லியிருக்காது. சொன்னது வீட்டுப் பெரியவர்களாகத்தான் இருக்கும். 2023 ஏப்ரலில் ‘ஸ்வீகார்’ என்ற பெற்றோர் அமைப்பின் 400க்கும் மேற்பட்ட தாய் தந்தையர் தங்கள் பிள்ளைகளின் திருமண உரிமைக்காக உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். ஆக, நம்மைப் போல் வேறு யாரும் இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு அழும் பெற்றோர் தனியாக இல்லை.

மொழிக்கே திரும்புவோம். தமிழ் அவசரக்காரி என்று மட்டும் சொன்னால் அநியாயம். ஆண் தன்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரைப் பற்றித் தொல்காப்பியர் பேசுகிறார். அதற்கெனத் தனி ஈறு இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் வைத்த இடம் உயர்திணை. மனிதர் வரிசை. அதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பேச்சுத் தமிழும் பெருந்தன்மை உடையதுதான். ‘குழந்தை சிரித்தது’ என்கிறோம், ‘குழந்தை தூங்கிவிட்டது’ என்கிறோம். சிரித்தானா சிரித்தாளா என்று யாரும் கேட்பதில்லை. சிரித்தது, அது போதும். அந்தப் பொறுமையை இன்னும் சில ஆண்டுகள் நீட்டிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் குழந்தைகள் நம்மிடம் கேட்பது. வந்தானா வந்தாளா என்பதைப் பிள்ளையே ஒருநாள் சொல்லும். அதைச் சொல்ல அது வீட்டில் இருக்க வேண்டும்.